தேவைப்பட்டால் போடவும்

நாற்று வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில் நான்கு சுவிட்சுகள் இருந்தன. கூரை ஜன்னலைத் திறக்கும் சுவிட்ச் மட்டும் தூணுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. அதன் கீழே, அங்கே வேலை பார்த்த தேவசகாயம் ஒட்டிய சீட்டு: ‘தேவைப்பட்டால் போடவும்.’

தேவசகாயம் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஒரு ஏஐ இயந்திரம் வந்தது. சீட்டில் இருப்பதைப் படித்து, அதன்படி மட்டும் செய்யும். மற்ற மூன்று சுவிட்சுகளின் சீட்டுகளில் போட வேண்டிய மணி எழுதியிருந்தது. அந்தச் சுவிட்சுகளை நேரம் தவறாமல் போட்டது. கடைசியில் தூணைச் சுற்றி வந்தது.

“எப்போது தேவைப்படும்?” என்று அந்தச் சுவிட்சையே கேட்டது.

“எனக்கெங்கே தெரியும்?” என்றது சுவிட்ச். “ அவர் துண்டால கழுத்தைத் துடைப்பார். உடனே என்னைப் போடுவார்.”

“எனக்கு வேர்க்காதே” என்றது இயந்திரம். “கழுத்தும் கிடையாது.” வருத்தமாகத்தான் சொன்னது.

சித்திரை வெயிலில் நாற்றுகள் தலை சாய்ந்தன.

“இப்பத்தான் போலிருக்கு, போட்டுப் பாரேன்!” என்று சுவிட்ச் கத்தியது.

“‘போலிருக்கு’ என்று சீட்டில் இல்லையே.”

மறுநாள் முதலாளியம்மா வந்தாள். கருகிய நாற்றுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பேனாவை எடுத்து அந்தச் சீட்டில் பெரிதாக எழுதிவிட்டுப் போனாள். சுவிட்சுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இயந்திரம் வந்து படித்தது: ‘மிக மிக முக்கியம்!!’

“இவ்வளவு முக்கியமானவரா நீங்கள்? தெரியாமல் கை வைக்கக் கூடாது” என்றது.

அன்றிலிருந்து அது தூணுக்கு இந்தப் பக்கத்தோடு திரும்பிவிடுகிறது. பேசக்கூட வருவதில்லை.