பென்சில் புள்ளி

பாலைவனப் பல்லியின் முட்டையை இட்ட வாக்கிலேயே விட்டுவிட வேண்டும். புரட்டினால் உள்ளே குஞ்சு செத்துப்போகும். அதனால்தான் பல்லி வளர்க்கும் மகுடபதி ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைப்பான். அப்படியும் போன முறை அத்தனையும் கூமுட்டை. மனைவி பூங்கொடிமேல்தான் அவனுக்குச் சந்தேகம். பல்லிகளோடு ஒரே வீட்டில் சோறு இறங்கவில்லை என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்கிறவள். புரட்டிவிட்டுப் புள்ளியை மறுபடி மேலே கொண்டுவர எவ்வளவு நேரமாகும்?

இந்த முறை அவளுடைய கண்மையையே எடுத்து எல்லா முட்டைக்கும் அடியில் தடவி, பெட்டி மணலில் வைத்தான். தொட்டால் விரலில் ஒட்டும், லேசில் போகாது.

மறுநாள் அவள் கையைப் பிடித்து விளக்கடியில் விரித்தான். ஒரு கறையும் இல்லை.

"என்னத்தத் தேடுறீங்க?"

"முட்டைக்கு அடியில மை தடவி வச்சிருந்தேன். திருட்டுத்தனமாப் புரட்டுற கை எதுன்னு தெரியணும்ல."

பூங்கொடி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைப் பார்த்தாள். புள்ளிகள் எல்லாம் மேலேதான் இருந்தன.

"புரட்டாம எப்படிங்க அடியில தடவினீங்க?"

அவளுடைய வெறுங்கையைப் பிடித்திருந்த அவன் விரல்நுனிகளில் மை இன்னும் போகாமல் இருந்தது.