கல்லறை மாற்றும் நாள்

மண்வெட்டி பெட்டியில் தட்டிய சத்தம் கேட்டதும் அவள் குழியோரம் வந்து நின்றாள்.

இன்று அவர்களுடைய அன்பியத்தின் முறை. அன்பியம் என்றால் கோவில் பிரித்துவைத்த முப்பது வீடு. ஒன்றாய்ச் செபமாலை சொல்லும், ஒன்றாய்ச் சண்டையும் போடும். இன்று ஒன்றாய்த் தோண்டிக்கொண்டிருந்தது.

கடல் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது.

பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னபோதெல்லாம் ஊர் நன்றாகக் கொட்டாவி விட்டது. கடற்கரைக்காரனுக்கே கடலைப் பற்றிப் பாடமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆடி மாதத்தில் அலை வந்து முன்வரிசைக் கல்லறைகளைச் சிலுவையோடு வாரிக்கொண்டு போன பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருவிழாவுக்கு வாணவேடிக்கை வேண்டாம், அந்தப் பணத்தில் கல்லறைகளை மாற்றலாம் என்று பங்குப்பேரவை முடிவெடுத்தது. கோவிலின் தென்னந்தோப்பை இறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவரவர் வீட்டு எலும்பை அவரவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அவள் வீட்டில் எலும்பு கிடையாது.

அவள் புருஷன் ததேயு கடலோடு போனவன். புயலில் வள்ளம் கவிழ்ந்தது, உடல் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களின் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்குவது ஊர் வழக்கம். கல்யாணச் சட்டையை அவளே மடித்து வைத்தாள்.

எல்லோரும் வாசலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளே அதை எடுத்தும் விட்டாள்.

வந்துவிடுவான் என்றிருந்தாள். வந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எதைப் போடுவான்?

சட்டை இன்றும் பீரோவில்தான் இருக்கிறது.

ஆக, ஊர் கூடி அழுதது வெறும் பெட்டிக்கு. கல்லறைத் திருநாள்தோறும் அவள் மெழுகுதிரி ஏற்றியதும் அதற்குத்தான்.

பெட்டி மேலே வந்தது. மூடி பாதி இற்றுப்போயிருந்தது.

இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள்.

குழிக்குள் நின்றவன் கிளீட்டஸ், ததேயுவின் தம்பி. அதே வள்ளத்தில் போனவன். அவன் மட்டும் திரும்பினான். அன்று தூரத்தில், சிவப்புக் கட்டம் போட்ட சட்டை ஒன்று கரையில் இறங்குவதைப் பார்த்து, ததேயுதான் என்று அவள் ஓடினாள். கிட்டப் போனால் தம்பி.

அதோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள். உயிரோடு வந்ததுதான் அவன் செய்த குற்றம். அது நியாயமில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கிளீட்டஸ் மூடியை எடுத்தான்.

உள்ளே சட்டை இருந்தது.

சிவப்பு. கட்டம் போட்டது. பாலியஸ்டர் துணி, அவ்வளவாக மக்கவில்லை.

அவள் கிளீட்டஸைத் திரும்பிப் பார்த்தாள். அன்று பெட்டிக்கு ஆணி அடித்தவன் அவன்தான். மூடுவதற்கு முன் உள்ளே பார்த்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. தன் சட்டையை மடித்து வைத்துவிட்டு அடித்திருக்கிறான்.

"ததேயு சட்டைதானம்மா?" என்று கேட்டார் பங்குத்தந்தை.

கிளீட்டஸ் நிமிரவில்லை. மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு மண்ணையே பார்த்தான். அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவள் இன்றுதான் கவனிக்கிறாள்.

"அவருதுதான் சாமி."

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ததேயுவுக்காக மட்டும் இல்லை. இந்த மனிதனை இத்தனை வருடம் வாசற்படி ஏறவிடாமல் வைத்திருந்ததற்கும் சேர்த்து அழுதாள்.

சட்டையைப் புதுப் பெட்டியில் வைத்தார்கள். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்தார். கிளீட்டஸ் ஆணியும் சுத்தியலும் எடுத்தான்.

அவள் அவன் கையைத் தடுத்தாள்.

"இப்ப அடிக்காத கிளீட்டஸு. தோப்புக்குப் போற வழியில நம்ம வீட்டுல ஒரு நிமிசம் இறக்கி வை. பீரோவுல ஒண்ணு இருக்கு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு ஆணிகளைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சரி மைனி."