எட்டாம் நாள்

எலியின் காயப்பட்ட நரம்பில் ஜெல் வைத்து இன்று எட்டாம் நாள், அது இன்னும் கரைந்திருக்காது, அதிலுள்ள புரதம் நரம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டிருக்கும் என்று ஆய்வுகூடத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் ஆரணி. கடலோர ரயில் கடக்கும் அதிர்வில் வெள்ளவத்தை மாடிவீட்டின் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. பெண் பார்க்க வந்தவர்கள் லிஃப்டில் ஏறிவிட்டார்கள். அம்மா அவளுடைய சேலை மடிப்பை நீவிவிட்டபடி, "கேட்டா சீனி வியாதி ஆராய்ச்சி எண்டு சொல்லு பிள்ளை. ஆம்பிளையளின்ர அந்த விசயத்தைச் சபையில கதைக்கிறதே? எலியளுக்காக மாப்பிள்ளையை விடப்போறியே?" என்கிறாள். புரஸ்டேட் சத்திரசிகிச்சையில் நரம்பு காயப்பட்டு ஆணுறுப்பின் விறைப்பை இழந்த ஒருவர், கிளினிக்கில் மனைவியின் கைப்பையையே பார்த்தபடி இருந்தது ஆரணியின் கண்ணில் நிற்கிறது. இன்னொருவர் அப்படி இருக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஜெல். வாசல் மணி அடிக்கிறது. "நான் செய்யிறதைத்தான் சொல்லுவன், அம்மா," என்று மெல்லச் சொல்லிவிட்டு அவள் தேநீர்த் தட்டைத் தூக்குகிறாள்.