யாரும் தொடாத மூலை

"மிஷின் நின்னுபோச்சு, மூச்சு விட முடியல. ஆள்கிட்ட பேசணும்னா எதம்மா அமுக்கணும்?" என்று கேட்டார் பெரியவர். விரல் போன் திரையில் மேலும் கீழும் அலைந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவள் பதில் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவருக்கு மூச்சில் ஒரு குறையும் இல்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இரண்டு மாடி ஏறித்தான் அந்த அறைக்கு வந்திருந்தார். மூச்சு மிஷினை வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கம்பெனி அது. மிஷின் நின்றுவிட்டதாகப் பாவித்து, கம்பெனியின் ஆப்பில் 'ஆளிடம் பேச' என்ற பட்டனைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை.

அவள் அங்கே மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவள். ஆப்பை வைத்துக்கொண்டு ஜனங்கள் எங்கே திண்டாடுகிறார்கள் என்று பார்த்து எழுதுவது வேலை. உதவி செய்யாதே, கண்ஜாடைகூடக் காட்டாதே, ஏன் என்று கேள், பதில் வந்ததும் மறுபடி ஏன் என்று கேள் என்று முதல் நாளே டீம் லீட் சொல்லிக்கொடுத்திருந்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் அல்லவா, ஒரே வாரத்தில் ஆபீஸே அவளுக்கு 'ஏனம்மா' என்று பேர் வைத்துவிட்டது.

நாலு நிமிஷம் துழாவிவிட்டு டிரைவர் போனைக் கீழே வைத்தார். தனக்கு அவ்வளவு படிப்பு இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு உங்க மேல இல்லைங்க. இதச் செஞ்ச எங்க மேலதான்" என்றாள் அவள். வந்த எல்லோரிடமும் இதைத்தான் சொன்னாள். மனதாரச் சொன்னாள்.

வேறு ஊரில் தனியாக இருக்கும் அவளுடைய அம்மாவின் கட்டிலோரத்திலும் அதே கம்பெனி மிஷின்தான். போன வருஷம் ஒரு மத்தியானம் அது நின்றுபோய், அம்மா இதே ஆப்பில் இருபது நிமிஷம் அந்த பட்டனைத் தேடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக எட்டிப் பார்க்காவிட்டால் அன்றோடு கதை முடிந்திருக்கும். மகள் எழுதிய புகார்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். வெளியே நின்று கத்தினால் காதில் விழாது, உள்ளே போய்த்தான் மாற்ற வேண்டும் என்று முடிவுகட்டி இந்தப் பயிற்சிக்கு வந்தாள்.

நடுவில் ஒரு நாள் வந்த தையல்காரம்மா அரை நிமிஷத்தில் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டாள். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த டீம் லீட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எங்கே பார்த்தாள், எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இரண்டு தடவை கேட்டார். தன் கண் தன்னை அறியாமல் காட்டிக்கொடுத்து, சோதனை கெட்டுப்போய்விட்டது என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் யார் வந்தாலும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்துநாலு பேர் வந்து போனார்கள். அவள் அறிக்கை எழுதினாள். போன் திரையைப் படமாக வரைந்து, எல்லோருடைய விரலும் முதலில் போன இடத்துக்குச் சிவப்பு அடித்தாள். விதிமுறைகளின் பொடி எழுத்துக்குக் கீழே ஒரு மூலை மட்டும் வெள்ளையாகவே நின்றது. ஒரு விரல்கூட அங்கே போகவில்லை. 'பட்டனை முதல் பக்கத்தில் மேலே வைக்கவும். இந்த மூலையில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம்' என்று தடித்த எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். டீம் லீட் அதை இரண்டு முறை படித்தார். உன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றார்.

அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை புது ஆப் வரும், பட்டன் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும் என்று சொன்னாள்.

"நீ அங்க இருக்கற தைரியத்துலதான் குட்டி நான் கண்ண மூடறேன்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை புது ஆப் வந்தது. அவள் திறந்து பார்த்தாள். முதல் பக்கத்தில் பட்டன் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. இருபத்துநாலு பேரைத் தேடவைத்துப் பார்த்தவளுக்கே அதைப் பிடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. விதிமுறைகளுக்குக் கீழே, அந்த வெள்ளை மூலையில், சாம்பல் நிறத்தில் இருந்தது.

யாரோ படத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. டீம் லீடின் அறைக்கு ஓடினாள். போனை நீட்டினாள்.

"ஏன் சார் அங்க வச்சாங்க?"

அவர் கோபப்படவில்லை. பேசணும் என்று தினமும் நாலாயிரம் பேர் கேட்கிறார்கள், எடுத்துப் பேச ஆறு பேர்தான் இருக்கிறார்கள், ஏழாவது ஆளை மேலிடம் தராது என்று நிதானமாக விளக்கினார். பிறகு மேஜை டிராயரிலிருந்து அவளுடைய வேலை உத்தரவை எடுத்து நீட்டினார்.

"எங்க வச்சா யார் கண்ணுலயும் படாதுன்னு ரெண்டு வருஷமா தேடினோம். நீதாம்மா கண்டுபிடிச்சுக் குடுத்த."