ஐந்து நட்சத்திர வண்டி

ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் ஊருக்கு வெளியே, நொறுங்கிய கார்களைப் போட்டுவைக்கும் கிடங்கில் சாயங்கால வெயில் தகரங்களின் மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. போன வாரம் விபத்தில் இறந்த கணவன் கிளைவின் சின்ன நீலக் காரை டெல்வின் சுற்றிச்சுற்றி வருகிறாள். ஓட்டுபவர் பக்கம் கசங்கிப்போயிருக்கிறது. பின்கண்ணாடியில் பாதுகாப்புச் சோதனையின் ஐந்து நட்சத்திரச் சீட்டு கிழியாமல் இருக்கிறது. "அஞ்சு நட்சத்திரம், இதையே வாங்குன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன், பேரி." கிடங்குக்காரர் பேரி தொப்பியைக் கழற்றுகிறார். "நல்ல வண்டிதாம்மா. ஆனா இதே எடை வண்டியோட மோதினா என்னாகும்னுதான் அந்தச் சோதனை சொல்லும். கிளைவுக்கு எதிர்ல வந்தது மரம் ஏத்தின லாரியாச்சே." அவள் மறுபக்கம் போகிறாள். கதவு சுலபமாகத் திறக்கிறது. அன்று காலியாக இருந்த தன் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்கிறாள். பூட்டும் நேரம் தாண்டியும், குரைக்கும் நாயை அதட்டிவிட்டு பேரி கேட்டருகே நிற்கிறார்.