காகித வீடு, ஒன்பதாம் பகுதி

பக்கத்து நாற்காலி காலி.

டயாலிசிஸ் வார்டின் எட்டு நாற்காலியில் ஒன்று அவளுடையது. ஒன்று காலி. மீதி ஆறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டாள். காளிராஜ் இல்லை.

இடது கையில் ஊசி இரண்டும் ஏறின. ரத்தம் சிவப்புக் குழாய் வழியே மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப ஆரம்பித்தது. இனி நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது.

மடியில் செல்போன் கிடந்தது. ஹெட்செட்டும்.

காளிராஜ்தான் அதில் 'காகித வீடு' படத்தை ஏற்றிக் கொடுத்தான், பன்னிரண்டு பகுதியும். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை அவனுக்கு. முப்பது வயசுகூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு கிட்னியும் போய்விட்டது.

"பொம்மைப் படமா? எனக்கு ஐம்பத்தேழு வயசு தம்பி."

"பேய்ப் படம்க்கா. ஜப்பான்காரன் எடுத்தது. கலரைப் பாருங்க, கலரை."

பார்த்தாள். தங்கத் தாள் மேல் மலை. மலை மேல் பஞ்சாகப் பனி. ஆட்களுக்கும் வீடுகளுக்கும் நிழலே கிடையாது, எல்லாம் பழைய ஜப்பான் ஓவியத்திலிருந்து அப்படியே எழுந்து வந்த மாதிரி தட்டையாக நடமாடின. ஒரு ஊர், காகிதக் கதவு போட்ட வீடுகள். செத்தவர்கள் அங்கே உயிரோடு இருப்பவர்களோடு கலந்து திரிவார்கள். ஒரு ஓவியன் வந்து, செத்தவர் யாரென்று கண்டுபிடித்து, கதவில் வரைந்து அனுப்பிவைப்பான்.

பேய்க்குக் கால் வரையவில்லை. நம்மூர்ப் பேய்க்கும் கால் கிடையாதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அந்தப் படத்தில் விழுந்துவிட்டாள்.

தடவைக்கு ஒரு பகுதி. திங்கள், புதன், வெள்ளி. வலது பக்கத்து ஸ்பீக்கர் அவள் காதில், இடது பக்கத்தது அவன் காதில். வீட்டில் தனியாகப் பார்க்கக் கூடாது என்று சத்தியம். பிள்ளைகள் மாதிரி.

செத்தவர் யாரென்று அவளுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. அவன் மட்டும் சட்டென்று விரலைத் தூக்குவான்.

"இவதான்க்கா."

எட்டுப் பகுதியிலும் தப்பவே இல்லை. எப்படித் தம்பி என்றால் சிரிப்பான். அச்சகத்துக் கண், கலரில் ஏதோ வித்தியாசம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். பொறாமையாகக்கூட இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் பகுதி போடும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. குடைக் கடையில் மூன்று அக்கா தங்கைகள். ஒருத்தி செத்தவள். அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை.

"திங்கக்கிழமை சொல்றேன்க்கா, யாருன்னு."

திங்கட்கிழமை மதியம் நாற்காலி காலியாக இருந்தது. ஜெனிட்டா சிஸ்டர் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அவர் காலை ஷிஃப்டுக்கு மாறிட்டாரும்மா."

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று கோபம் வந்தது. அன்றைக்கே கெஞ்சிக் கூத்தாடித் தன் ஷிஃப்டையும் காலைக்கு மாற்றிக்கொண்டாள். மகன் திட்டினான். இன்று புதன்கிழமை, விடியும் முன்னே எழுந்து குளித்து, ஆட்டோ பிடித்து, ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தாயிற்று.

காலை சிஸ்டர் புதுசு. கேட்டாள்.

"காளிராஜ் அண்ணனா?" சிஸ்டர் ஏற்கனவே ஒட்டியிருந்த பிளாஸ்திரியை இன்னொரு தரம் அழுத்தினாள். "அவர் மதிய ஷிஃப்டுக்கு மாறிட்டாரேம்மா."

அடிப்பாவிகளா. ஒத்துப் பேசிக்கொண்டு ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை இவர்களுக்கு.

"சரிம்மா" என்றாள்.

மூன்று வருஷத்தில் எத்தனை பேர் இப்படி ஷிஃப்ட் மாறிப் போனார்கள் என்று இப்போதுதான் மனசு ஒவ்வொருவராக எடுத்துப் போட்டது. மிட்டாய்க் கடை நாடார். கண்ணாடி போட்ட டீச்சர். எல்லோரும் வேறு ஷிஃப்டில் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

அழுகை வரவில்லை.

செல்போனை எடுத்தாள். ஒன்பதாம் பகுதி. தொங்கிக்கொண்டிருந்த இடது ஸ்பீக்கரை என்ன செய்வதென்று தெரியாமல் தன் காதிலேயே வைத்துக்கொண்டாள். முதல் தடவையாக இரண்டு காதிலும்.

குடைக் கடை. மழை. மூத்தவள் வந்தாள். நடுவிலுள்ளவள் வந்தாள். கடைசித் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

இடது காதில் மெல்ல ஒரு மணி அடித்தது.

மெஷினோ என்று திரும்பிப் பார்த்தாள். மெஷின் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். கடைசித் தங்கை வந்தாள். மணி அடித்தது. இடது ஸ்பீக்கரை எடுத்துவிட்டுப் போட்டாள். மழைச் சத்தம் மட்டும்.

முதல் பகுதிக்குப் போனாள். அவன் விரலைத் தூக்கிய இடம் நன்றாக ஞாபகம் இருந்தது. அங்கேயும் மணி. இரண்டாம் பகுதியிலும்.

கலருமில்லை, கண்ணுமில்லை. எட்டுத் தடவையும் அவன் காதில் மட்டும் அடித்திருக்கிறது. அக்காவுக்கும் மணி கேட்கிறது, எப்படித் தம்பி என்பது விளையாட்டு என்றே நினைத்திருப்பான்.

ஒன்பதாம் பகுதிக்குத் திரும்பினாள். ஓவியன் தூரிகையை மையில் தோய்த்துக் கதவருகே போனான். கடைசித் தங்கை அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

சிஸ்டர் யாரையோ கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு வந்துகொண்டிருந்தாள்.

மணி ஏதும் கேட்டுவிடுமுன், அவள் அவசரமாக இடது ஸ்பீக்கரைக் கழற்றினாள்.