கோட்டுக்குக் கீழே

அவருடைய விரல்கள் சுவரில் ஒவ்வொன்றாக ஏறின. அளவுக்காகப் போட்டிருந்த பென்சில் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டன.

"ஐயா, நேத்தே இந்தக் கோட்டத் தாண்டிட்டீங்கல்லா?" என்றாள் எஸ்தர். இறுகிப்போன தோள்களுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்.

"இன்னைக்கு வலிக்கி பிள்ள."

வலிக்கவில்லை.

வெளியே நாற்காலிகளை இழுக்கும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை. குடியை விட வந்தவர்கள் வட்டமாக உட்காருவார்கள். பின்னால் வீட்டார். குடியை என்னால் நிறுத்த முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்பார் ஆலோசகர்.

ஐயா இதுவரை தூக்கியதில்லை. வலது தோள் வராது.

"அப்ப எடக்கையத் தூக்கும்வே," என்று முதல் வாரம் லாரி டிரைவர் துரைப்பாண்டி சீண்டினான்.

"எடக்கையக் காட்டி எங்க வீட்டுல யாரும் எதையும் ஒத்துக்கிட்டதில்ல."

அத்தோடு விட்டுவிட்டார்கள்.

இப்போது வலது கை வருகிறது. இன்றும் கோட்டைத் தாண்டினால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஊரில் யார் கேட்டாலும் தோள் வைத்தியம். மகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டுக்கும் அந்தச் சேதிதான் போயிருந்தது.

வட்டத்தில் உட்கார்ந்தார். எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். மறுபடி உட்கார்ந்தார்.

குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

திரும்பிப் பார்த்தார். மகள். பக்கத்தில், இதுவரை வராத மாப்பிள்ளை. மடியில் ஆரஞ்சுப் பழப் பை.

வாசலில் இருக்கும் குடிநோய் மறுவாழ்வு மையப் பலகையை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பார்.

"தோளு இப்ப எப்படி இருக்கு மாமா?"

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

இந்த வயதில், தனக்காக மாப்பிள்ளையும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆலோசகர் கேட்டார். கைகள் உயர்ந்தன.

"ஐயாவ விட்டுருங்க சார். அவுகளுக்குத் தோளு முடியல." துரைப்பாண்டிதான். இந்தமுறை சீண்டல் இல்லை.

அவர் முதுகை நிமிர்த்தினார்.

வலது கை மடியை விட்டு எழுந்தது. மார்பைத் தாண்டியது. காது வரைக்கும் வந்தது.

"எறக்குங்கப்பா." பின்னாலிருந்து மகளின் குரல், மெதுவாக. "தோளு வலிக்கும்லா."

எதிரே சுவர் இல்லை, கோடும் இல்லை.

விரல்கள் இன்னும் கொஞ்சம் ஏறின.